ஒன்பது, இரண்டு, எட்டு... எல்லாமே 'என்'!

மிச்சிகன் மாநிலத்தின் கிராமத்துச் சாலைகளில் காரில் போனால் கழுத்து வலிக்காது. திரும்பித் திரும்பிப் பார்க்க ஒன்றும் இல்லை. மக்காச்சோளம். அது முடிந்தால் சோயா. சோயா முடிந்தால் மறுபடியும் மக்காச்சோளம். நடுவே சிவப்புப் பெயின்ட் அடித்த பெரிய கொட்டகை, அதன் வாசலில் கொடிக்கம்பம், கொடிக்குக் கீழே ஒரு டிராக்டர்.

இந்த டிராக்டர்தான் விசேஷம். நம்மூர் எல்லையில் ஐயனார் குதிரை நிற்கிற மாதிரி வீட்டுக்கு ஒன்று நிற்கிறது. குட்டையான உருவம். உருண்டை மூக்கு. முன்னால் சின்னதாக இரண்டு சக்கரம், பின்னால் பெரிசாக இரண்டு. வாணலியைக் கவிழ்க்காமல் வைத்தது போல ஒரு இரும்பு சீட்டு. வயசு எழுபதுக்குக் குறையாது. சில வண்டிகள் இன்னும் உழைக்கின்றன. சில சும்மா நின்று பென்ஷன் வாங்குகின்றன. ஒன்றின் சீட்டில் பூந்தொட்டி வைத்திருந்தார்கள்.

பத்து வீடு தாண்டினால் பத்தும் ஒரே ஜாடை. ஒரே அச்சில் வார்த்த பிள்ளையார் மாதிரி. ஆனால் உள்ளூர்க்காரர்களிடம் 'எல்லாம் ஒன்றுதானே?' என்று கேட்டுவிடாதீர்கள். உங்கள் தங்கையையும் எதிர்வீட்டுப் பெண்ணையும் ஒன்று என்று சொன்ன மாதிரி முறைப்பார்கள். ஒன்று 9என். ஒன்று 2என். இன்னொன்று 8என். மூன்றும் ஃபோர்டு கம்பெனியின் வயிற்றில் பிறந்தவை. நாலாவதாக ஒரு ஃபெர்குஸன் இருக்கிறது. அது சித்தப்பா பிள்ளை. ஜாடை மட்டும் அச்சு அசல்.

நான் பி.காம். டிராக்டரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தேய்மானம்தான். வருஷத்துக்கு இத்தனை சதவிகிதம் என்று கழித்துக்கொண்டே வந்தால் ஒருநாள் மதிப்பு பூஜ்யத்தைத் தொடும். அந்தக் கணக்குப்படி இந்த வண்டிகளெல்லாம் 1960-களிலேயே பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைத்தான் இங்கே இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் கொடுத்து வாங்குகிறார்கள். வாங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டே போகிறார்கள். எந்த பேலன்ஸ் ஷீட்டில் இதை எழுதுவது?

நீங்கள் டிராக்டர் வாங்கப் போவதில்லை, தெரியும். ஆனால் என்றாவது ஒருநாள் செகண்ட்ஹாண்ட் பைக் வாங்குவீர்கள். பளபளவென்று பெயின்ட் அடித்து, 'ஒரே ஓனர் ஸார், டாக்டர் ஓட்டின வண்டி' என்று ஒருத்தர் சாவியை நீட்டுவார். அப்போது இதைப் படித்தது உதவலாம்.

அக்கா வீடு ஆன் ஆர்பர் நகரத்துக்குத் தெற்கே இருக்கிறது. பழைய மரவீடு, சுற்றி ஆறு ஏக்கர். மாமா கார் உதிரிபாகக் கம்பெனியில் இன்ஜினீயர். பிறந்தது திருத்துறைப்பூண்டிப் பக்கம் என்பதால் மண்ணைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். ஆறு ஏக்கர் என்றதும் ஆசையாக வாங்கிப் போட்டுவிட்டார். அதில் விளைவது புல். வெட்டினால் வளர்கிறது, வெட்டாவிட்டால் இன்னும் வேகமாக வளர்கிறது. புல் முழங்காலைத் தாண்டினால் பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். வேலி ஓரமாக வந்து நின்று வானிலை பற்றிப் பேசுவார். அதற்கு 'வெட்டித் தொலையுங்கள்' என்று அர்த்தம்.

எனவே பின்னால் புல்வெட்டி மாட்டுகிற மாதிரி ஒரு பழைய டிராக்டர். அக்கா சாங்ஷன் செய்த தொகை 2,500 டாலர். நான் ஒரு மாத விருந்தாளி, வேலை இல்லாதவன், ஆகவே ஆடிட்டர்.

"மாப்ளே, முதல்ல பாடம் படிச்சுக்கோ. அப்புறம் வண்டி பார்க்கலாம்" என்றார் மாமா. பாடம் நடந்த இடம் சமையலறை மேஜை. கரும்பலகை, சீரியல் டப்பாவின் பின்பக்கம்.

9 என்றால் 1939. 2 என்றால் 1942. 8 என்றால் 1948. 'என்' என்பது டிராக்டருக்கு ஃபோர்டு கம்பெனி வைத்த குறி எழுத்து. நமக்கு அதைப் படித்தால் 'என்னுடையது' என்று கேட்கிறது. தற்செயல்தான். ஆனால் இந்த வண்டி உண்மையில் யாருடையது என்று இரண்டு பெரிய மனிதர்கள் மல்லுக்கட்டிக் கோர்ட் வரை போனதுதான் மொத்தக் கதையும்.

கதை நடந்த இடம் பக்கத்திலேயே இருக்கிறது. டெட்ராய்ட்டை ஒட்டிய டியர்பார்னில், ரூஜ் ஆற்றங்கரையில், ஹென்றி ஃபோர்டின் மாளிகை. பெயர் ஃபேர் லேன். 1938 அக்டோபரில் அங்கே ஒரு அயர்லாந்துக்காரர் வந்து இறங்கினார். பெயர் ஹாரி ஃபெர்குஸன். விவசாயி மகன். 1909 டிசம்பர் 31-ம் தேதி தானே செய்த விமானத்தில் ஏறி, அயர்லாந்தில் முதன்முதலில் பறந்தவர். அதற்கப்புறம் தரைக்கு இறங்கிக் கலப்பையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் காலத்து டிராக்டரில் கலப்பையைச் சங்கிலி மாதிரி பின்னால் கட்டி இழுப்பார்கள். கலப்பை ஒரு வேரிலோ பாறையிலோ மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? பின்சக்கரம் நகர வழியில்லை, என்ஜின் விடுவதாயில்லை. வண்டி முன்காலைத் தூக்கும். அப்படியே மல்லாந்து, ஓட்டுகிறவர் மேலேயே விழும். இப்படிச் செத்தவர்கள் நிறைய பேர்.

ஃபெர்குஸன் செய்தது இதுதான். கீழே இரண்டு கை, மேலே ஒரு கை, ஆக மூன்று இடத்தில் கலப்பையை வண்டியோடு பூட்டினார். கலப்பை மண்ணில் திணறும்போது மேல் கை வண்டியை முன்னோக்கித் தள்ளும். முன்சக்கரம் மேலே எழும்புவதற்குப் பதில் தரையில் அழுந்தும். அதே நேரத்தில் ஹைட்ராலிக் எண்ணெய் அந்தத் திணறலை உணர்ந்து கலப்பையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். சின்ன வண்டியே பெரிய வண்டி வேலையைச் செய்யும். ஓட்டுகிறவர் ராத்திரி வீடு திரும்புவார்.

ஃபோர்டுக்கு அப்போது வயசு 75. புல்வெளியில் வண்டி ஓட்டிக் காட்டியதைப் பார்த்தார். வெளியிலேயே மேஜை நாற்காலி போட்டு இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். எழுந்து கைகுலுக்கினார்கள். ஒப்பந்தம் முடிந்தது! ஃபோர்டு வண்டியைச் செய்வார், ஃபெர்குஸன் விற்பார். எழுத்தில் ஒரு வரி கிடையாது. பத்திரம் கிடையாது, சாட்சிக் கையெழுத்து கிடையாது, ஸ்டாம்ப் கிடையாது.

வணிகச் சட்டம் படித்தவன் என்ற முறையில் எனக்கு வயிற்றைக் கலக்கியது. வாய் ஒப்பந்தம் செல்லும்தான். ஆனால் நிரூபிக்க வேண்டி வரும்போது இரண்டு வாயும் உயிரோடு இருக்கவேண்டுமே!

1939-ல் 9என் வந்தது. விலை 585 டாலர். மூக்கின் மேலே 'ஃபோர்டு' என்று ஒரு முத்திரை. அதற்குக் கீழே 'ஃபெர்குஸன் சிஸ்டம்' என்று ஒரு தகடு. மாமனார் மருமகன் பெயரைச் சேர்த்துப் போட்ட ஜவுளிக்கடை போர்டு மாதிரி. கலர், முழுக்க கிரே. ஃபெர்குஸனுக்குப் பிடித்த கலர் அது.

பிறகு யுத்தம். ரப்பருக்கும் தாமிரத்துக்கும் ரேஷன். 1942-ல் டயருக்குப் பதில் இரும்புச் சக்கரம், பாட்டரிக்குப் பதில் கையால் சுற்றுகிற மாக்னெட்டோ என்று ஏழ்மைக் கோலத்தில் வந்தது 2என். பழைய மாடலுக்கு விலை ஏற்ற அரசாங்கம் அனுமதிக்காது, பெயரை மாற்றினால் புது விலை போடலாம் என்பதும் ஒரு காரணம் என்று சொல்வார்கள். (இதைப் படித்ததும் எனக்கு ஃபோர்டு கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட் மேல் தனி மரியாதை வந்தது.) கொஞ்ச நாளில் ரப்பரும் பாட்டரியும் திரும்பி வந்தன. அப்புறம் பார்த்தால் 2என், 9என் மாதிரியே இருக்கிறது. வித்தியாசம் பெயரில் மட்டும்தான்.

அந்தப் பெயரையும் வண்டியில் தேடினால் கிடைக்காது. ஏனென்றால் 2என் வண்டிகளின் நம்பரும் '9என்' என்றுதான் ஆரம்பிக்கும்! கம்பெனி நம்பர் வரிசையை மாற்றவே இல்லை. இந்த ஒரு விஷயத்தை மாமா சீரியல் டப்பாவில் இரண்டு தடவை அடிக்கோடிட்டார். ஏன் என்று பிறகு புரிந்தது.

கிழவர் ஃபோர்டு 1947 ஏப்ரலில் காலமானார். அதற்கு முன்பே கம்பெனி பேரன் கைக்கு வந்துவிட்டது. பேரன் கணக்கைப் புரட்டினார். டிராக்டரில் நஷ்டம். தாத்தா கைகுலுக்கியது தாத்தாவோடு போகட்டும் என்று 1946 கடைசியிலேயே ஃபெர்குஸனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். 1947 ஜூலையில் 8என் வெளியே வந்தது. அதே ஜாடை, அதே மூன்று கை லிஃப்ட். மூக்கில் 'ஃபெர்குஸன் சிஸ்டம்' தகடு மட்டும் இல்லை.

ஃபெர்குஸன் சும்மா இருப்பாரா? இங்கிலாந்தில் கவென்ட்ரியில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி மூலம் 1946-லேயே தன் பெயரில் வண்டி செய்ய ஆரம்பித்திருந்தார். 1948-ல் டெட்ராய்ட்டிலேயே, ஃபோர்டின் வாசலிலேயே ஒரு தொழிற்சாலை போட்டார். அதே வருஷம் ஜனவரியில் வழக்கும் போட்டார். கேட்ட தொகை 25 கோடியே 10 லட்சம் டாலர். நாலு வருஷம் நடந்தது. 1952 ஏப்ரலில் 92 லட்சத்து 50 ஆயிரத்துக்கு ராஜியானார்கள். 1953-ல் ஃபெர்குஸன் தன் கம்பெனியைக் கனடாவின் மாஸி ஹாரிஸோடு இணைத்தார். அதுதான் பிற்பாடு மாஸி ஃபெர்குஸன் ஆயிற்று. 1960-ல் சென்னையில் அவர்களோடு கூட்டுச் சேர்ந்து ஆரம்பித்ததுதான் நம்ம செம்பியம் டாஃபே. ஆக, தஞ்சாவூர் வயலில் ஓடும் சிவப்பு டிராக்டரின் பின்னால் பார்க்கிற அந்த மூன்று கை, ஃபேர் லேன் புல்வெளியில் ஃபோர்டு பார்த்து அசந்துபோன அதே மூன்று கைதான்.

டியர்பார்ன் மியூசியத்துக்கும் போனோம். கென்னடி சுடப்பட்டபோது போன கார், ரோஸா பார்க்ஸ் எழுந்திருக்க மறுத்த பஸ் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அங்கெல்லாம் கூட்டம். விவசாயப் பகுதியில் நானும் மாமாவும், தூங்கும் குழந்தையோடு தள்ளுவண்டிக்காரர் ஒருத்தரும் மட்டும்.

சரி, 8என்-னை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?

கலரை நம்பாதீர்கள். 8என் வரும்போது மேல்தகடு வெளிர் கிரே, அடியில் என்ஜினும் கியர் பெட்டியும் சிவப்பு. பார்க்க ஜோராக இருக்கும். அதனாலேயே மிச்சிகனில் பாதிப் பேர் தங்கள் 9என்-னுக்கும் 2என்-னுக்கும் அதே சிவப்பை அடித்து வைத்திருக்கிறார்கள். பெயின்ட் ஒரு சாயங்கால வேலை. மூக்கு முத்திரையும் அப்படித்தான். நாலு ஸ்குரூ.

காலைப் பாருங்கள். வண்டியின் காலை அல்ல, உங்கள் காலை. 9என், 2என் வண்டிகளில் இடது பிரேக் இடப்பக்கம் கிளட்ச் பக்கத்தில் இருக்கும், வலது பிரேக் வலப்பக்கம் இருக்கும். அவசரமாக நிறுத்தவேண்டும் என்றால் இடது காலால் கிளட்ச்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதிக்கவேண்டும், வலது காலால் இன்னொரு பிரேக்கை மிதிக்கவேண்டும். பரதநாட்டியம் தெரிந்தவர்களுக்குச் சௌகரியம். 8என்-னில் இரண்டு பிரேக்கும் வலது காலுக்கு வந்துவிட்டன. உட்கார்ந்ததும் காலே சொல்லிவிடும்.

கையைக் கேளுங்கள். 9என்-னிலும் 2என்-னிலும் முன்னோக்கிப் போக மூன்று கியர். 8என்-னில் நாலு. கால் வைக்க 8என்-னில் நீளமான பலகை உண்டு, பழையதில் மிதி மட்டும். இதையெல்லாம் மாற்றமுடியாதா என்றால், முடியும். ஆனால் மாற்ற ஆகும் செலவுக்கு ஒரு நிஜ 8என்-னே வாங்கிவிடலாம். மாமாவின் சித்தாந்தம் இதுதான்: "மாத்துறதுக்கு எது செலவோ அதைப் பாரு மாப்ளே. பொய் சொல்றவன் அங்க பணம் போடமாட்டான்."

ஃபெர்குஸனைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். பட்டனைத் தேடினால் அது ஃபோர்டு. கியர் கம்பியையே 'எஸ்' என்று போட்ட இடத்துக்குத் தள்ளினால் ஃபெர்குஸன். கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகி யார் மேலும் ஏறிவிடக்கூடாது என்று அப்படி வைத்தார் மனுஷர்.

இவ்வளவு தெரிந்திருந்தும் மாமா ஏன் ராத்திரி தூங்காமல் விளம்பரங்களைப் பார்த்துக் கொண்டிருந்தார் என்பது எனக்கு ஒரு நாள் காரில் போகும்போது தெரிந்தது.

1980-களில் மாமாவின் அப்பா ஒரு பழைய டிராக்டர் வாங்கினார். தரகர் ஒருத்தர் ஓட்டி வந்து வாசலில் நிறுத்தினார். நாலே வருஷ வண்டி என்றார். புதுப் பெயின்ட், பளிச்சென்று மாடல் தகடு. சம்பா உழவு நேரம். கேஜ் வீல் போட்டுச் சேற்றில் இறக்கி நாலாம் நாள் கியர் பெட்டி போய்விட்டது. மன்னார்குடியில் கடைக்காரர் பல்சக்கரத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது நீங்க சொல்ற மாடல் இல்லீங்களே, இது ரொம்பப் பழசு, சாமான் வராது" என்றிருக்கிறார். தகடு வேறு வண்டியுடையது. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்க, வண்டி வயல் நடுவில் மழையில் நின்றது.

"அந்த வருஷம் ரெண்டு மா நிலம் வித்தோம்" என்றார் மாமா. "அப்பா ஒண்ணும் சொல்லலை. ஆனா அப்புறம் எதை வாங்கினாலும், ஒரு அரிவாள் வாங்கினாக்கூட, திருப்பித் திருப்பிப் பார்ப்பாரு."

மூன்று மா ஒரு ஏக்கர் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு மா, ஒரு குடும்பத்தின் வருஷச் சாப்பாடு.

அந்த வாரம்தான் '1939 ஒரிஜினல் 9என், முதல் வருஷ வண்டி' என்ற விளம்பரம் வந்தது. விலை 4,500 டாலர். பட்ஜெட்டுக்கு மேலே இரண்டாயிரம். புல் வெட்ட முதல் வருஷ வண்டி எதற்கு என்று கேட்டேன். மாமா பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தில், அக்காவுக்குச் சொல்லாமல் இரண்டாயிரத்தை எங்கிருந்து புரட்டுவது என்ற கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. முதல் வருஷம் என்றால் யாருக்குத்தான் சபலம் வராது?

கிளம்பும்போது ஃபிரிட்ஜிலிருந்து பழனி முருகனை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பக்தி என்று நினைத்தேன். காந்தம்!

விற்பவர் தொப்பி போட்ட இளைஞர். நல்ல மாதிரி. வண்டி கொட்டகைக்குள் முழுக்க கிரே பெயின்ட்டில், முகூர்த்தத்துக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தது. மாமா சுற்றி வந்தார். மூக்கின் முன்னால் குனிந்தார். முருகனை எடுத்து கிரில்லில் வைத்தார். முருகன் கப்பென்று ஒட்டிக்கொண்டார்.

1939 வண்டிகளின் முன் கிரில் அலுமினியத்தில் வார்த்தது, கம்பிகள் படுக்கை வசம். இரும்புத் தகட்டில் செங்குத்துக் கம்பி வந்தது பிறகு. அலுமினியத்தில் முருகன் நிற்கமாட்டார்.

"கிரில் உடைந்து மாற்றியிருப்பார்கள்" என்றார் இளைஞர். நியாயம். அலுமினியம் லேசில் உடையும். எத்தனையோ பேர் மாற்றியிருக்கிறார்கள்.

மாமா இடப்பக்கம் போய், ஆயில் ஃபில்ட்டருக்குப் பின்னால், என்ஜின் பிளாக்கில் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தார். நான் டார்ச் பிடித்தேன். பெயின்ட் உதிர்ந்தது. முதலில் ஒரு நட்சத்திரம். பிறகு 9. பிறகு என்.

"பார்த்தீர்களா, 9என்!" என்றார் இளைஞர் சந்தோஷமாக.

அதற்குப் பின்னால் எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஆறு இலக்கம். ஒரு லட்சத்து அறுபதாயிரத்துச் சொச்சம்.

இங்கேதான் பி.காம். உதவிற்று. 1939-ல் மொத்தமே செய்தது பத்தாயிரத்துச் சொச்சம் வண்டி. நம்பர் ஒன்றிலிருந்து வரிசையாகப் போகிறது. லட்சத்தை நெருங்கும்போதுதான் 1942-ம் 2என்-னும் வருகின்றன. வவுச்சர் நம்பர் 1,60,000 முதல் மாச ஃபைலில் இருந்தால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்? இது யுத்தகாலத்து 2என்.

"என்ஜினை மாற்றியிருக்கலாமே" என்றார் இளைஞர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அதுவும் நியாயம்தான். நம்பர் இருப்பது என்ஜினில் மட்டும். என்ஜின் மாறினால் நம்பரும் மாறும். இந்த நம்பர் அந்த என்ஜின் பிறந்த தேதியைச் சொல்லுமே தவிர, வண்டியின் ஜாதகத்தைச் சொல்லாது. மாமா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "கிரில் மாற்றியது. என்ஜின் மாற்றியது. அப்படியானால் இதில் 1939 எது?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கொட்டகைக் கூரையில் புறா நடக்கிற சத்தம் கேட்டது.

"தாத்தா அப்படித்தான் சொல்வார்" என்றார் இளைஞர்.

பொய் சொல்கிற முகம் இல்லை அது. தாத்தா வண்டியில் 9என் என்று நம்பரைப் பார்த்திருப்பார், 9 என்றால் 1939 என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பேரனும் அதையே சொல்லி வளர்ந்திருக்கிறான். திருத்துறைப்பூண்டித் தரகர் வேறு, இவர் வேறு. ஆனால் பணம் கொடுக்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். 4,500 போனால் 4,500.

மாமா முருகனை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். 2என் என்று சொல்லி விற்றால் நல்ல விலைக்கே போகும், ஒன்றும் குறைந்த வண்டி இல்லை என்று இளைஞரிடம் சொல்லிவிட்டு, கைகுலுக்கிக்கொண்டு வந்தோம்.

மூன்றாம் நாள் ஒரு பெரியவர் வீட்டில் 8என் பார்த்தோம். இடுப்பு ஆபரேஷன் ஆகிவிட்டது, ஏறி இறங்க முடியவில்லை, விற்கிறேன் என்றார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் குறைகளைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். இங்கே எண்ணெய் ஒழுகும். இடது பிரேக் சுமார். மட்கார்டு வேறு வண்டியுடையது. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பாவே 'இவளுக்குக் கோபம் வரும்' என்று சொன்ன மாதிரி இருந்தது.

மாமா முதலில் என்ஜினைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. (ஆள் வருவதற்குள் ஓட்டிச் சூடாக்கி வைப்பது உலகப் பொது வித்தை. பைக்குக்கும் பொருந்தும், குறித்துக்கொள்ளுங்கள்.) டிஸ்ட்ரிபியூட்டர் பக்கவாட்டில் இருந்தது. 9என், 2என், ஆரம்ப 8என் எல்லாவற்றிலும் அது என்ஜினின் மூக்கு நுனியில், ஃபேனுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ரிப்பேர் பண்ணப் போனால் விரல் தோல் உரியும். 1950 நடுவில்தான் கம்பெனிக்கு இரக்கம் வந்து பக்கத்துக்கு மாற்றினார்கள். ஆக இது அதற்குப் பிந்தியது. நம்பரும் 8என் என்றே ஆரம்பித்தது. இரண்டு பிரேக்கும் வலப்பக்கம். நாலு கியர். சிவப்பு பெயின்ட் பொரிந்திருந்த இடத்தில் உள்ளேயும் பழைய சிவப்பே தெரிந்தது. பின்கையில் ஒரு மரக்கட்டையைக் கட்டித் தூக்கச் சொன்னார். தூக்கியது, தூக்கியபடியே நின்றது. 8என் மாதிரி ஐந்து லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள், அதனால் இன்றைக்கும் எந்த சாமானும் கிடைக்கும். இதை மாமா சொல்லும்போது மன்னார்குடிக் கடை ஞாபகத்துக்கு வந்திருக்கவேண்டும்.

விலை 2,200 டாலர். பேரம் பேச மாமாவுக்கு மனசு வரவில்லை. எனக்கு வந்தது, ஆனால் ஆங்கிலம் வரவில்லை.

பணத்தை வாங்கிக்கொண்டதும் பெரியவர் உள்ளே போய் கனமான இரும்பு உருளை ஒன்றைக் கொண்டுவந்தார். இந்த வண்டிகளில் புல்வெட்டியைச் சுற்றுகிற தண்டு கியர் பெட்டியோடு நேராகப் பிணைந்தது. கிளட்ச்சை மிதித்தாலும் சுழல்கிற கத்தியின் வேகம் திரும்பி வந்து வண்டியை முன்னால் தள்ளும். வேலிக்கு முன்னால் நிறுத்தவேண்டிய வண்டி வேலிக்கு அப்பால் போய் நிற்கும். அல்லது குளத்தில். அதைத் தடுக்கத்தான் இந்த உருளை. கத்தி சுற்றலாம், ஆனால் வண்டியைத் தள்ளமுடியாது. "இதை மாட்டாமல் ஒரு நாளும் புல் வெட்டாதே" என்றார் மாமாவிடம். தானே மாட்டிக் காட்டுவதற்காக இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மாமா பதறிப்போய்த் தடுத்து, அவர் சொல்லச் சொல்லத் தானே மாட்டினார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ராத்திரி திருத்துறைப்பூண்டிக்கு வீடியோ கால். அங்கே காலை. எண்பது தாண்டிய பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து போனை முகத்துக்கு அருகே பிடித்திருந்தார். நெற்றி மட்டும் தெரிந்தது.

"நம்பர் பார்த்தியா?"

"பார்த்தேன்ப்பா."

"தகடு நம்பர் இல்லடா. என்ஜின்ல இருக்கறது."

"அதத்தான்ப்பா பார்த்தேன். மாப்ள டார்ச் அடிச்சான்."

"பின்னாடி காட்டு."

மாமா போனைப் பின்பக்கம் கொண்டுபோனார். கீழே இரண்டு கை, மேலே ஒரு கை. பெரியவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"அட, நம்மூரு டிராக்டர் லிஃப்ட் கணக்கா இருக்கே!"

"அதேதான்ப்பா."

கொஞ்சம் இடைவெளி விட்டுக் கேட்டார்: "எவ்வளவு விலை?"

மாமா டாலரில் சொல்லி, ரூபாயிலும் சொன்னார். பெரியவர் மனசுக்குள் அதை மாவாக மாற்றிக் கொண்டிருந்தது நெற்றிச் சுருக்கத்தில் தெரிந்தது.

"எதையும் விக்கலைல்ல?"

"விக்கலைப்பா" என்றார் மாமா.

"சரி, மூடி வை. பனியில நிக்க விடாதே" என்று சொல்லிவிட்டு, போனை அணைக்கத் தெரியாமல் அப்படியே திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வெகு நேரம் எங்களுக்குத் திண்ணை விட்டமும் ஒரு சிலந்தியும் தெரிந்துகொண்டிருந்தன.